விபத்தில்லாத முந்நூற்று அறுபத்தைந்து நாள்

நைனாவின் வலது முட்டி தொண்ணூறு டிகிரி மடங்க வேண்டும். அவ்வளவுதான். தொண்ணூறு மடங்கினால் நாற்காலியில் மனுஷனைப்போல உட்காரலாம், பஸ் ஏறலாம். இன்னும் கொஞ்சம் மடங்கினால் படி இறங்கலாம், சைக்கிள் மிதிக்கலாம். பிசியோதெரபி படித்த நான்கரை வருஷமும் இதைத்தான் மனப்பாடம் செய்தேன். எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி மில்லில் நைனா பதினெட்டு வருஷமாகக் கட்டுக் கட்டிய கூலியில்தான் படித்தேன்.

அப்படி ஒரு கம்பிக் கட்டுதான் கிரேன் கொக்கியிலிருந்து நழுவி அவர் முட்டியில் இறங்கியது. சில்லு இரண்டாக உடைந்துபோனது. மில் காரிலேயே ஒரு தனியார் நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோய், ஆபரேஷன் செய்து, கம்பியால் இழுத்துக் கட்டி, பத்தாம் நாள் வீட்டில் இறக்கிவிட்டார்கள். டிஸ்சார்ஜ் பேப்பரில் ஆபரேஷன் குறிப்பை மட்டும் படித்தேன். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் கட்டியிருந்தார்கள். தையல் பிரித்ததும் மடக்கிப் பழக்க வேண்டும். அதற்கு ஆறு வாரம், மிஞ்சினால் எட்டு வாரம்தான் கெடு. அதற்குள் பழக்காவிட்டால் உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை குதிகாலை மெத்தைமேல் இழுத்து முட்டியை மடக்க வேண்டும், பிறகு ஐஸ் வைக்க வேண்டும் என்று அட்டையில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினேன். நான் மீஞ்சூரில் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறேன். பகலில் அம்மா கெங்கம்மாள் பார்த்துக்கொள்வாள் என்பது ஏற்பாடு.

பன்னிரண்டாம் நாள் காலை ஏழரைக்கு மில் வேன் வீட்டு வாசலில் வந்து நின்றது. நைனா அரசப்பனுக்கு லைட் டூட்டியாம். வேலை எதுவும் செய்ய வேண்டாம், செக்யூரிட்டி ரூமில் உட்கார்ந்திருந்தால் போதும், சம்பளம் பிடிக்க மாட்டார்கள், தையல் பிரிக்கவும் அவர்களே கூட்டிப் போவார்கள். நைனா இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, இரண்டு பேர் தோளில் தொங்கியபடி ஏறினார். தெருவே பார்த்தது. முதல் வாரம் எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை. அம்மாவும் வேலைக்குப் போக முடிந்தது.

அங்கே அவர் செய்தது ஒன்றே ஒன்று. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எதிர் நாற்காலியில் காலை நீட்டி, எட்டு மணி நேரம் அசையாமல் இருப்பது. சாயங்காலம் முட்டி வீங்கிச் சுடும். தொட்டாலே பல்லைக் கடிப்பார். ஐந்தாவது வாரம் அளந்தேன். நாற்பது.

லீவு போடச் சொன்னேன். மாட்டேன் என்றார். ஏன் என்பதைப் பக்கத்து வீட்டு முனுசாமி மாமா சொன்னார். அவரும் அதே மில். கேட்டில் ஒரு பெரிய போர்டு உண்டு, விபத்தில்லாமல் போன நாட்களை எண்ணுவதற்கு. நைனாவுக்கு அடிபட்ட அன்று அதில் முந்நூறு. மறுநாள் முந்நூற்று ஒன்று. முந்நூற்று அறுபத்தைந்து ஆனால் எல்லாருக்கும் ஐந்து லிட்டர் குக்கர். நடுவில் ஒரு விபத்து எழுதினால் பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். தினமும் செக்யூரிட்டி ரூமைத் தாண்டுகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்களாம்.

"அரசப்பா, உன் முட்டிதான்யா நம்ம குக்கரு," என்றார் முனுசாமி மாமா. "பத்ரமா பாத்துக்கோ."

நைனாவும் சிரித்தார்.

அடுத்த நாள் கிளினிக்குக்கு லீவு சொல்லிவிட்டு மில்லுக்குப் போனேன். சேஃப்டி ஆபீசர் ரகு என்னைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருப்பார். டீ வரவழைத்தார். ஒரு மாசம் மெடிக்கல் லீவு கொடுங்கள், முட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றேன். வேலையே வாங்கவில்லையே, ஃபேன் போட்டு உட்கார வைத்திருக்கிறோமே என்றார். உட்கார வைப்பதுதான் பிரச்சினை என்றேன். லீவு என்றால் அரசாங்க ஈஎஸ்ஐ டாக்டரிடம் போக வேண்டும், அவர் எப்படி அடிபட்டது என்று கேட்பார், வீணாகக் கிளறிக்கொண்டிருப்பார்கள் என்றார்.

கேட்கட்டும், கட்டு விழுந்தது என்று சொல்வோம் என்றேன்.

அவர் ஃபைலைத் திறந்து ஒரு காகிதத்தை என் பக்கம் திருப்பினார். என் வீட்டில் இருக்கும் அதே டிஸ்சார்ஜ் பேப்பர். நான் தாவிப் போன முதல் வரியில் விரலை வைத்தார். வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்று இங்கிலீஷில் இருந்தது. கீழே நைனாவின் கையெழுத்து.

"நீங்க படிச்சவங்க மேடம். பாக்கலையா?"

பார்க்கவில்லை. எக்ஸ்ரேயைப் பார்க்கத் தெரிந்த திமிரில் அந்த வரியை விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்.

அன்று சாயங்காலம் நைனா வேனிலிருந்து இறங்கி உட்காரும்வரை பொறுத்திருந்தேன்.

"நம்ம ஊட்ல பாத்ரூம் எங்க நைனா கீது?"

கொல்லையில் ஒரு கருங்கல்லும் சிமெண்ட் தொட்டியும் தென்னை ஓலைத் தடுப்பும்தான் எங்களுக்கு. அவர் அந்தப் பக்கமே பார்த்தார்.

"கையெழுத்துப் போடச் சொல்ல இன்னா எழுதிகீதுன்னு எனக்குத் தெரியும்மா. ரகு சார் படிச்சிக் காட்னாரு."

"தெரிஞ்சேவா?"

"நானூறு பேரு குக்கரு. என்னாலதான் போச்சின்னா அந்த கேட்டுக்குள்ள எப்புட்றி போவேன்? அது உடு. நம்ம தெருவுக்கு எந்தக் காலத்துல கம்பெனி வேன் வந்துகீது சொல்லு."

கோபத்தில் சுவரில் இருந்த அட்டையைக் கிழித்தேன். மறுநாள் காலை வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். வாக்கரைத் தூக்கித் தூக்கி வைத்து என்னைச் சுற்றிக்கொண்டு போனார். வேன்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான். அதன் பிறகு இரவு சாப்பாட்டுக்கு முன் கிடைக்கும் அரைமணி நேரம்தான் எனக்கு. வீங்கிய முட்டியை நான் அழுத்துவேன், அவர் கத்துவார், அம்மா வந்து என் கையைத் தட்டிவிடுவாள். இப்படித்தான் நாற்பது ஐம்பத்தைந்து ஆனது.

முந்நூற்று அறுபத்தைந்தாம் நாள் ஷாமியானா போட்டார்கள். குடும்பத்தோடு அழைப்பு. நர்சிங் ஹோம் நாட்களையும் வருகையாக்கி, ஒருநாள்கூட லீவு போடாமல் வந்தவர் என்று மைக்கில் நைனாவின் பெயரை முதலில் கூப்பிட்டார்கள். மேடைக்கு இரண்டே படி. முதல் படியில் இடது காலை வைத்தார், வலது கால் கட்டையாகப் பின்னால் நின்றது. மேனேஜர் பெரிய மனசு பண்ணிக் கீழே இறங்கி வந்து குக்கர் பெட்டியைக் கொடுத்தார். நேராக நிற்கச் சொல்லி போட்டோ எடுத்தார்கள். நேராக நிற்பதில் அவருக்கு ஒரு சிரமமும் இல்லை. நானூறு பேர் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. அம்மா தட்டினாள்.

மறுநாள் ஏழரைக்கு இஸ்திரி சட்டையோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். வலது கால் தெருவுக்கு நீண்டிருந்தது, பைக்குகள் அதைச் சுற்றிக்கொண்டு போயின. எட்டு ஆனது. ஒன்பதும் ஆனது. உள்ளே வரச் சொன்னேன், டயர் பஞ்சராகியிருக்கும் என்றார். சாயங்காலம் முனுசாமி மாமா வந்து, நைனாவை மில்லில் வேலைக்கு வைத்திருந்த கண்ட்ராக்டர் சொல்லியனுப்பியதைச் சொன்னார். குந்தி எழுந்திருக்கலாம், ஏணி ஏறலாம் என்று டாக்டரிடம் ஃபிட்னஸ் வாங்கி வந்தால் வேலை, இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்களாம். சொல்லிவிட்டு அவர் டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

நைனா இஸ்திரி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"மதி. இன்னைக்கு நான் கத்த மாட்டேன். எவ்ளோ வேணா மடக்கு."

மடக்கினேன். தலையணை உறையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டார். சொன்னபடி கத்தவில்லை. கண்ணோரம் நீர் காதுக்குள் வழிந்தது. அம்மாவும் தடுக்க வரவில்லை. என் உடம்பு எடை முழுவதையும் போட்டேன். கல்லைத் தள்ளுவதுபோல இருந்தது. கோணம் பார்க்கும் அளவுகோலை முட்டியில் வைத்துப் பார்த்தேன். ஐம்பத்தைந்து. எடுத்துத் திரும்பவும் வைத்தேன். ஐம்பத்தைந்து.

"தொண்ணூறுக்கு இன்னும் எத்தினி நாளாவும்?"

கிளினிக்கில் இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் பார்க்கலாம், முயற்சி பண்ணலாம் என்று சொல்லித்தான் பழக்கம்.

"நாளு முடிஞ்சிப்போச்சி நைனா. இனிமே திரும்பவும் கிழிச்சித்தான் பாக்கணும். அப்பவும் உறுதி கெடையாது."

அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். வலது தொடையை இரண்டு கையாலும் தூக்கி, கட்டிலோரம் இருந்த, இன்னும் பிரிக்காத குக்கர் பெட்டியின்மேல் காலை நீட்டி வைத்துக்கொண்டார். உயரம் சரியாக இருந்தது.