நெஞ்சில் இருந்த பெயர்

மரியசெல்வம் திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்க் கால்பந்து அணிக்கு ஆடுவார். இரண்டு வருடங்களுக்கு முன் கோல்ராஜா என்ற கால்பந்துச் சூதாட்டச் செயலிக்காரர்கள் அணிக்கு ஜெர்சியும் பூட்ஸும் வாங்கிக் கொடுத்தார்கள். அவர்கள் பெயரை எல்லோரும் நெஞ்சில் போட்டுக்கொள்ள வேண்டும். அதிகக் கோல் அடிப்பவர் என்பதால் மரியசெல்வத்தின் படம் ஃப்ளெக்ஸிலும் வந்தது. 'நான் ஆடுகிறேன், நீங்கள்?' என்று போனைக் காட்டிச் சிரித்தபடி பூ மார்க்கெட் எதிரே அந்த ஃப்ளெக்ஸில் நின்றார். அப்போது அது அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு, பணம் வைத்து ஆடும் செயலிகளுக்கும் அவற்றின் விளம்பரங்களுக்கும் அரசு தடை போட்டது. அணிச் செயலாளர் சேக் பரீது போன் செய்தார்.

"செல்வம், ஜெர்சி எல்லாத்தையும் திருப்பி வாங்கிரு. அந்தப் பேரோட இனி கிரவுண்டுல எறங்கக் கூடாது."

"ஃப்ளெக்ஸு?"

"ஆள் போயிருக்கு. மத்தியானத்துக்குள்ள எறக்கிருவாங்க."

அதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது மரியசெல்வத்துக்கு. மதிய இடைவேளையில் பைக்கை எடுத்துக்கொண்டு போனார். இரண்டு பேர் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தார்கள். டீக்கடை வாசலில் காலிச் சாக்கோடு நின்ற ஒருவர் படத்தையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், அது நீங்கதான?"

பெயர் அய்யனார். சாணார்பட்டிப் பக்கம் சம்பங்கி போட்டவர். வற்புறுத்தி இவருக்கும் ஒரு டீ சொன்னார்.

"உங்களப் பாத்துத்தான் சார் ஆரம்பிச்சேன். பந்தாட்டம் தெரிஞ்சவரே ஆடுறாருன்னா நம்பலாம்னு நெனச்சேன். கெணத்து மோட்டாரு போச்சு. நெலத்தையும் ஒத்திக்கு விட்டாச்சு. இப்ப அடுத்தவங்க தோட்டத்துப் பூவச் சுமந்துட்டு வாரேன்."

குரலில் கோபமே இல்லை. தன்னைப் போலவே அடிபட்ட ஒருவரிடம் பேசுவதுபோல் பேசினார்.

"ஒங்களுக்கு எம்புட்டு சார் போச்சு?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

"நான் ஆடுனதே இல்லங்க. அந்த ஆப் என் போன்ல இருந்ததும் இல்ல. படத்துக்கு நின்னேன், அம்புட்டுத்தான்."

அய்யனார் கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஆடுறேன்னு போட்டிருந்துச்சே சார்."

அவர் இரண்டு டீக்கும் காசைக் கொடுத்துவிட்டு, சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துவிட்டார்.

அடுத்த மாதம் மரியசெல்வம் விசாரித்துக்கொண்டு சாணார்பட்டிக்கே போனார். அய்யனார் திருப்பூருக்கு மில் வேலைக்குப் போயிருந்தார். மனைவி சின்னக்கண்ணு மட்டும் வீட்டில் இருந்தார்.

"நான் வருத்தப்பட்டதா சொல்லிருங்கம்மா."

"அத நீங்களே சொல்லுங்க சார்" என்று அவர் நம்பரைக் கொடுத்தார்.

சாயங்காலமே கூப்பிட்டார். அந்தப் பக்கம் மெஷின்கள் இரைந்தன.

"மன்னிச்சிருங்க அய்யனார். ஒரு நிமிஷம் யோசிக்காம படத்துக்கு நின்னுட்டேன்."



"சரி சார். வேலைக்குக் கூப்புடுறாங்க."

அதன் பிறகும் மரியசெல்வம் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தார். அய்யனார் எடுக்கவில்லை.