சபீனாவுக்கு ஓர் இடம்

பிறந்த பதினோராம் நாள் இளவரசி சபீனா செத்துப்போனாள். பெற்றவள் சிடோனியா அந்தப் பதினோரு நாளில் பிள்ளையைக் கண்ணால் பார்த்தது நாலே தடவை. டென்மார்க்கின் மகாராணி என்று பேர்தான் பெரிது! பால் கொடுக்க ஒருத்தி, தொட்டில் ஆட்ட ஒருத்தி, அவர்களுக்குத் தனி மாடி. பெற்றவளுக்கு மிஞ்சியது திரை போட்டு இருட்டாக்கிய அறையும், பால் வற்றுவதற்காக மார்பில் இறுக்கிய துணியும்தான்.

வெள்ளிக்கிழமை அடக்கம். கோட்டைக்கு எதிரே உள்ள சர்ச்சில், ராஜாக்களைப் புதைக்கும் நிலவறையில். சிடோனியாவுக்கு இருந்தது ஒரே ஆசை: போகிற பிள்ளையைக் கூட நின்று அனுப்ப வேண்டும். அதற்குத்தான் வழியில்லை. பிள்ளை பெற்றவள் ஆறு வாரம் சர்ச்சுக்குள் கால் வைக்கக் கூடாது. ஆறு வாரம் கழித்து வாசலில் வந்து நிற்பாள். போதகர் ஜெபம் சொல்லி, கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போவார். ராணியானாலும் மீன்காரியானாலும் அதுதான் முறை.

போதகர் மோகென்ஸை வரவழைத்தாள். நல்ல மனிதர்தான், ஆனால் முறை என்று வந்துவிட்டால் ஒரு நூல் பிசகமாட்டார். அறைக்குள் வராமல் கதவுக்கு அந்தப் பக்கமே நின்றார்.

“வெள்ளிக்கிழமை காலையில என்னைக் கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயிடுங்களேன், போதகரே.”

“முடியாது மகாராணி. உங்களுக்கு ஒரு நியாயம், ஊர்ப் பொம்பளைங்களுக்கு ஒரு நியாயமா? அழுதுக்கிட்டு வந்த எத்தனை பேரை வாசல்ல நிறுத்தியிருக்கேன். இப்ப உங்களை விட்டா, அவங்க மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?”

கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

“பிள்ளையைப் பறிகொடுத்த அந்தப் பொம்பளைங்க என்னதான் பண்ணுவாங்க?” என்று கேட்டாள்.

மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்த மருத்துவச்சி மாரெனுக்கு வாய் சும்மா இருக்குமா? “என்ன பண்ணுவோம் ராணியம்மா? எங்க பிள்ளைங்களுக்கு நிலவறையா இருக்கு? வெளிய மண்ணுலதானே புதைக்கிறாங்க. குழிகிட்டப் போய் நிப்போம்.”

“அதுவும் தப்புதான்,” என்றார் மோகென்ஸ்.

“எப்படித் தப்பு?” சிடோனியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “ஆறு வாரம் கழிச்சு சர்ச் வாசல்ல வந்து நில்லுங்கறீங்க. சர்ச்சைச் சுத்தியிருக்கிற கல்லறைத் தோட்டத்தைத் தாண்டாம வாசலுக்கு எப்படி வர்றது? பறந்தா?”

மாரென் களுக்கென்று சிரித்துவிட்டு, சாவு வீடு என்பது நினைவுக்கு வர வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அப்ப என் பிள்ளையையும் வெளியவே புதைங்க.”

 மோகென்ஸின் குரல் தணிந்தது. “யோசிச்சுச் சொல்லுங்க மகாராணி. நிலவறையில உங்களுக்குன்னு இடம் ஒதுக்கியாச்சு. அதை ஒட்டித்தான் குழந்தையோட பெட்டியை வைக்கிறதா இருந்தோம். வெள்ளிக்கிழமை கொஞ்ச நேரம் கூட நிக்கணும்னு அவளை வெளிய வச்சுட்டா, உலகம் முடியற வரைக்கும் அவ அங்க, நீங்க இங்க. நடுவுல சுவர். பரவாயில்லையா?”

சிடோனியா அவரை அனுப்பிவிட்டாள்.

அந்தப் பகல் முழுக்க அதே யோசனை. பார்த்த நாலு தடவையும் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. கண் என்ன நிறம் என்றுகூடத் தெரியாது. பெட்டி பக்கத்தில் பெட்டி. எத்தனை நூறு வருஷம் ஆனாலும் பிரிவில்லை. அது சின்ன விஷயமா? யாருக்குத்தான் அந்த ஆசை இருக்காது! ஆனால் தான் சாக இன்னும் முப்பது வருஷம் ஆகலாம், நாற்பதும் ஆகலாம். அதுவரை தாடி வைத்த கிழட்டு ராஜாக்களுக்கு நடுவே பிள்ளை தனியாகக் கிடப்பாள். வழியனுப்பக்கூட அம்மா வரவில்லையே என்று நினைக்கமாட்டாளா? செத்த பிள்ளை எதையும் நினைக்காது என்று புத்தி சொன்னது. மார்பில் துணியை மீறிப் பால் கசிந்தது.

சாயங்காலம் ராஜா வந்தார். விஷயத்தைச் சொன்னாள்.

“வெளியவா? ஊர் சிரிக்கும், சிடோனியா.”

“சிரிக்கட்டும்.”

அவர் கையுறையைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். “பையனா இருந்தா ஒத்துக்கவே மாட்டேன். பொண்ணுதானே. உன் இஷ்டம்.”

அந்தத் ‘தானே’ நெஞ்சில் சுருக்கென்று குத்தியது. ஆனால் அவள் கேட்ட அனுமதியும் அதற்குள்தான் இருந்தது. விழுங்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கடற்காற்று ஆளைத் தள்ளியது. மாரெனின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். குழிக்கரையில் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். யாரோ அவசரத்தில் முடிந்திருந்த குல்லாய் நாடா ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. அதை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். பிள்ளைக்கு அவள் செய்த முதல் வேலை அது. மோகென்ஸ் மூன்று முறை மண் தள்ளினார். அவள் அழவில்லை. அரண்மனை மனிதர்கள் அவளிடம் அழுகையை எதிர்பார்க்கவும் இல்லை. குனிந்து வணங்கிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போனதும் வேலியோரம் நின்ற ஊர்ப் பெண்கள் வந்தார்கள். எந்தச் சாவுக்கும் செய்வதுபோல ஒவ்வொருத்தியாக வந்து ராணியின் கையைப் பிடித்துவிட்டு நகர்ந்தார்கள். ஹெர்ரிங் மீனுக்கு உப்புப் போடும் ஒருத்தி மட்டும் கையை விடவில்லை. அவள் விரலெல்லாம் வெடித்திருந்தது.

“பக்கத்துக் குழி என் பையன் ஸோரென் குழிதான் ராணியம்மா. நாலு வயசு.”

“நல்ல பையனா?”

“எங்க! வாயே மூடமாட்டான். நாள் பூரா தொணதொணன்னு பேசிக்கிட்டே இருப்பான். பாப்பாவைச் சும்மா விடமாட்டான், பாருங்க.”

சிடோனியா ஈரப் புல்லிலேயே உட்கார்ந்து, அந்தக் கையை விடாமல், வாய்விட்டு அழுதாள்.