சன்னல் மூடித்தான் இருந்தது

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து. முழுக் கற்பனையாக இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதி!

முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: ‘அந்த ஆண்டு எர்ஃபுர்ட்டில் பனி வழக்கத்தைவிடக் கொடுமையாக இருந்தது. தொட்டியில் இருந்த அத்தி அதைத் தாங்காமல்’

அடித்துவிட்டேன். பனி ஒரு பாவமும் செய்யவில்லை. அடுத்தது: ‘நிலவறையில் எலிகள்’

எலியும் இல்லை. நான்தான்.

2.

கீழ் வீட்டு ரோஸ்விதா, எழுபத்து நான்கு வயது, டிராம் ஓட்டி ஓய்வுபெற்ற ஜெர்மானியப் பெண்மணி. (முந்தைய பிரதியில் அவரைச் சிடுமூஞ்சியாக எழுதியிருந்தேன். அப்படிச் செய்தால் உங்களுக்கு என்மேல் கோபம் குறையுமே என்ற நப்பாசை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை.)

அக்டோபர் கடைசியில் எங்கள் குடியிருப்பில் எல்லாரும் செடித் தொட்டிகளை நிலவறைக்கு இறக்குவோம். மே நடுவில், ‘பனிப் புனிதர்களின் நாட்கள்’ என்று இங்கே சொல்லும் கடைசிக் குளிர் கழிந்த பிறகுதான் அவை வெளியே வரும். ரோஸ்விதாவிடம் ஒரு எலுமிச்சை, ஓர் அத்தி. அத்தி, மகள் ஸில்கே குரோவேஷியாவிலிருந்து ஈரத் தாளில் சுற்றி அனுப்பிய குச்சியாக வந்தது. அப்புறம் தாய்க்கும் மகளுக்கும் பேச்சு நின்றுபோய்ப் பதினோரு வருடம். அத்தி மட்டும் விடாமல் காய்த்தது.

ஜனவரியில் மூட்டு அறுவை சிகிச்சைக்குக் கிளம்பும்போது நிலவறைச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

“மாசத்துக்கு ஒரு டம்ளர் தண்ணி ஊத்து, போதும். அது தூங்கட்டும். நீ பாட்டுக்குப் பாசத்தக் கொட்டிடாத.”

3.

கொட்டினேன். பிப்ரவரியில், அது இருட்டில் மொட்டைக் குச்சியாக நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல் மேலே தூக்கி வந்து என் ஹீட்டர் பக்கத்தில் வைத்தேன். பத்தே நாளில் துளிர்த்தது. எல்லாம் வெளிறித் துவண்ட இலைகள். வெளியே மைனஸ் எட்டு. அகாலத்தில் எழுப்பிவிட்டோமே என்று பயந்துபோய் மறுபடி நிலவறையில் கொண்டு வைத்தேன். ஒரே வாரத்தில் எல்லா இலையும் உதிர்ந்தது.

செத்துவிட்டது என்று நானாக முடிவு கட்டினேன். நகத்தால் பட்டையைக் கீறி, உள்ளே உயிர்ப்பச்சை இருக்கிறதா என்று பார்த்திருக்கலாம். இங்கே இருபது குளிர்காலம் கழித்தவளுக்கு அது தெரியாதா? அவர் திரும்புவதற்குள் துண்டு போட்டுவிட ரம்பத்தை எடுத்தேன். அடிமரத்தில் பாதி இறங்கும்போதே உள்ளே பச்சை தெரிந்தது. வெள்ளையாகப் பால் வடிந்து கையுறையில் ஒட்டியது. அப்போதும் நிறுத்தவில்லை.*

(* ஏன் என்று கேட்பீர்கள். பாதி அறுத்த மரத்துக்குப் பதில் சொல்வதைவிட, முழுதாகச் செத்த மரத்துக்குப் பதில் சொல்வது சுலபம். இதைவிட நல்ல காரணம் இருந்தால் எழுதியிருக்க மாட்டேனா?)

4.

மார்ச்சில் ரோஸ்விதா ஊன்றுகோலோடு வந்தார். நிலவறைச் சன்னல் திறந்து கிடந்தது, அத்தியைப் பனி அடித்துவிட்டது, பட்டதை வெட்டிப்போட்டேன் என்றேன். சன்னல் மூடித்தான் இருந்தது.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளுத்தது.

“கிளம்புற அன்னிக்குக் காத்து வரட்டும்னு நாந்தான் தெறந்தேன். மூடின மாதிரிதானே ஞாபகம் இருக்கு... மூடலையா நானு? ஸில்கே குடுத்தது அது ஒண்ணுதான்.”

மாடி வீட்டு எகோன் விடவில்லை. “எலுமிச்ச பொழச்சுது, அத்தி செத்துதா? நல்லா ஆள் பாத்து அடிக்கிற பனிதான்!”

“அத்திதானேய்யா சன்னலுக்கு நேர் கீழ இருந்துச்சு. இந்தப் பொண்ண ஏன் மொறைக்கிற? மறந்தது நான்.”

எனக்காக அவரே வாதாடினார். அங்கே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, வேறு சொல் தேடிப் பார்த்தேன், இதுதான் சரி.

அதன் பிறகு வெளியே போகுமுன் அடுப்பை மூன்று தடவை பார்க்க ஆரம்பித்தார். எலுமிச்சையை எகோனுக்கே கொடுத்துவிட்டார். “இனிமே ஒரு உயிர என்ன நம்பி வெக்கக் கூடாது.” ஞாபகசக்திச் சோதனைக்கு மருத்துவரிடம் நாள் வாங்கியிருக்கிறார். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வார்களாம். படியேறும்போது வாய்விட்டுக் கழித்துக்கொண்டே வருகிறார்.

5.

முடிவுகள்.

(அ) நான் உண்மையைச் சொல்கிறேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டு மன்னிக்கிறார். எழுதும்போது கை தடையில்லாமல் ஓடியது. அதனாலேயே நம்பவில்லை.

(ஆ) சோதனையில் ஒரு குறையும் இல்லை என்று வருகிறது. ஆகவே நான் எதையும் சொல்லவேண்டிய

கேவலம்.

6.

இன்று புதன்கிழமை. நாளைக்குச் சோதனை. மத்தியானம் ரோஸ்விதா பிளம்ஸ் கேக்கோடு கதவைத் தட்டினார். மேசையில் இந்தத் தாள்கள் கிடந்தன.

“என்ன எழுதற?”

“தொட்டிச் செடியப் பத்தி ஒரு கதை.”

“உங்க பாஷையிலயா? படியேன், கேக்கறேன். புரியலன்னா என்ன, சத்தம் கேட்டாப் போதும்.”

படித்தேன். மூன்றாவது பகுதி முழுவதும் தமிழில், சத்தமாக, அவர் முகத்தைப் பார்த்தே படித்தேன். ரம்பம், பச்சை, பால், எல்லாவற்றையும். கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டார். நான்காவதில் தன் பெயர் வந்ததும் பூரித்துப்போனார்.

“அட, நானும் வரேனா!”

அதற்குமேல் என்னால் முடியவில்லை. குரல் உடைந்து அழுதுவிட்டேன். ரோஸ்விதா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சோகக் கதையா? அழாத. என்னதான் சொல்லுது அதுல? எனக்குப் புரியற மாதிரி சொல்லு.”

கையை விடாமல் காத்திருந்தார். கதையை இங்கே நிறுத்துகிறேன். அடுத்த வாக்கியம் அவருடைய மொழியில் வந்திருக்க வேண்டும். வந்ததா இல்லையா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். என்னைப் பற்றித்தான் இவ்வளவு தெரிந்துகொண்டுவிட்டீர்களே.