அரசித்தாயின் வாய்க்குக் காது சோதனை

லஞ்சம் வாங்கினேன் என்று ஊர் சொன்னது. நான் வாயைத் திறக்கவில்லை. காது கேட்கவில்லை என்று யாராவது சொல்லியிருந்தால் பல்லை உடைத்திருப்பேன். என் ஆத்திரத்தின் லட்சணம் அப்படி.

என் பெயர் அபெனா செரெவா. எங்கள் ஊர் வழக்குகளைத் தீர்க்கும் அரசித்தாய் நானா பிராகோவின் வாய் நான். அரசித்தாய் ஊராரோடு நேரே பேசுவது வழக்கமில்லை. சபையில் முன்னால் பார்த்தபடியே, பக்கத்தில் இருக்கும் என்னிடம் மெல்லிய குரலில் சொல்வார். நான் எழுந்து, தங்கத் தகடு போர்த்திய கோலைப் பிடித்துக்கொண்டு, அதை முற்றம் முழுக்கக் கேட்கும்படி சொல்வேன். வெறுமனே சொன்னால் போதாது, அலங்கரிக்க வேண்டும். அவர் நாலு வார்த்தை சொன்னால் நான் நாற்பது சொல்வேன். என் சொல் தப்பாக இருந்தால் தடுக்க வேண்டியவர் அவர். தடுக்கவில்லை என்றால் அதுதான் தீர்ப்பு.

கொஞ்ச காலமாக நானாவின் குரல் தேய்ந்துவிட்டதென்றே நினைத்திருந்தேன். அவர் குரல் மட்டுமா? சந்தையில் எல்லோரும் வாய் நிறையக் கென்கி மாவுருண்டையை அடைத்துக்கொண்டு பேசுவது போலிருந்தது. வழியில் வணக்கம் சொன்னால் நான் பதில் சொல்வதில்லையாம், கோல் கைக்கு வந்ததும் திமிர் ஏறிவிட்டதாம். எங்கள் ஊரில் ஒருவன் வேலியை இடித்தால்கூட மறந்துவிடுவார்கள். வணக்கத்துக்குப் பதில் வராவிட்டால் அவன் பேரப்பிள்ளை வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

சபையில் நானாவின் முகத்தைப் பார்த்தே வேலையை ஓட்டினேன். தாடை இறுகினால் கோபம், கண் தாழ்ந்தால் இரக்கம். மீதியை என் நாக்கு பார்த்துக்கொள்ளும். அப்படித்தான் டுஃபியேயின் வழக்கு வந்தது.

டுஃபியே தையல்காரி. எங்களிடம் சொத்து தாய்வழியில்தான் போகும். புருஷன் போய்ச் சேர்ந்ததும் அவனுடைய தாய்வழிக்காரர்கள் வீடு எங்களுடையது என்று வந்து நின்றார்கள். அவன் தம்பி ஆசுமெங்தான் எல்லோருக்கும் முன்னால் நின்றான். அந்த வீட்டுச் சுவருக்கு மண் குழைத்தவள் டுஃபியே. அவளுக்கு ஒரு அறையாவது உண்டா இல்லையா என்பதுதான் கேள்வி. நானா ஏதோ சொன்னார். எனக்கு ஒரு எழுத்துகூட விழவில்லை. முகத்தைப் பார்த்தேன், தாடை இறுகியிருந்தது. அவளை வெளியேறச் சொல்கிறார் என்று முடிவுகட்டி, எழுந்து, அழகழகாக அலங்கரித்து அவளைத் தெருவில் நிறுத்திவிட்டேன். தீர்ப்பை முடித்துவைக்க முன்னோருக்கு மது வார்த்தார்கள். ஆசுமெங் அன்றே பூட்டை மாற்றினான்.

அடுத்த வாரம் தேவாலயத்தில் டுஃபியே அழுததைப் பார்த்து நானா விசாரித்திருக்கிறார். பிறகு ஊர்ப் பெரியவர்களுக்கு ஆள் மேல் ஆள் அனுப்பினார். "அவ இருக்கட்டும்னுதானே சொன்னேன்? யார் அவள வெளிய தள்ளினது?" என்றாராம். என்னைக் கைகாட்டினார்கள். ஆசுமெங் என் வீட்டுக்கு ஆடு ஓட்டி வந்ததைப் பார்த்ததாக இரண்டு பேர் சத்தியமே செய்தார்கள்.

நான் தீர்ப்பைச் சொன்னபோது நானா கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஏன் தடுக்கவில்லை என்று பெரியவர்கள் கேட்டதற்கு, "செரெவா ஏதோ அலங்காரம் பண்றான்னு நெனச்சேன்" என்றாராம். இதென்ன பதில்? பெண்ணை வீட்டைவிட்டுத் துரத்துவது அலங்காரமா? ஆனால் அரசித்தாய் சொன்னால் ஊருக்கு அது போதும். அடுத்த சபையில் என் கோலைப் பிடுங்குவதாகப் பேச்சு.

கும்மாசி நகரத்தில் டாக்ஸி ஓட்டும் என் தம்பி அம்போன்செம் செய்தி கேட்டு வந்தான்.

"அக்கா, ஆடு வாங்கினியா?"

"யானை வாங்கினேன். பின்னாடி கட்டியிருக்கேன், போய்ப் பாரு."

"வாசல்ல நின்னு மூணு தரம் வணக்கம் சொன்னேன். நீ திரும்பவேயில்ல."

"மொணமொணன்னா யாருக்குடா கேக்கும்?"

"தெருக்கோடில இருந்து எட்டிப் பாத்தாங்க, உனக்குக் கேக்கல. கெளம்பு. கும்மாசில காது பாக்கறவங்க இருக்காங்க."

"கோல் புடிச்ச கையோட போய் செவிடின்னு பட்டம் வாங்கிட்டு வரவா?"

"இப்ப இருக்கற பட்டம் ரொம்ப நல்லாருக்கோ?"

அவனைச் செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது. ஆனால் காலையில்தான் டுஃபியேயைப் பார்த்திருந்தேன். பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்தில், தையல் இயந்திரத்தின் மேல் நெகிழித் தாளைப் போர்த்தி, மழைக்கு ஒதுங்கி நின்றாள். என்னைப் பார்த்து வணக்கம் சொன்னாள். சத்தம் வரவில்லை, வாய் அசைந்ததைத்தான் பார்த்தேன். என்மேல் காறித் துப்பியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வண்டியில் ஏறினேன்.

காது பார்ப்பவள் செலாசி என்ற இளம்பெண். வோல்டா பக்கத்துக்காரி, எங்கள் பேச்சைச் சற்றுச் சாய்த்துப் பேசினாள். விளக்கு வைத்துக் காதுக்குள் பார்த்தாள், அழுக்கை எடுத்தாள். பிறகு தலைத்துணியை அவிழ்க்கச் சொன்னாள்.

"என் புருஷனுக்கே பகல்ல காட்டாத தலைம்மா இது."

"அவருக்குச் சொல்ல மாட்டேன், அவிழ்த்துடுங்க."

கெட்டியான சுவர் வைத்த ஒரு சின்ன அறை. ஒரு பக்கம் கண்ணாடி, அதற்கு அந்தப் பக்கம் அவளும் இயந்திரமும். என் காதுகளுக்கு மேல் இரண்டு மூடிகளை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். எவ்வளவு சின்னதாகச் சத்தம் கேட்டாலும் அமுக்க வேண்டும். அவ்வளவுதானே என்றேன். அமுக்கினேன், அமுக்கினேன், அமுக்கிக்கொண்டேயிருந்தேன். வந்த காரியம் கெட்டிக்காரத்தனமாக முடிகிறதென்று எனக்கு ஒரு பெருமிதம்கூட.

அவள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"அம்மா, நான் சும்மா உக்காந்திருந்தப்பகூட அமுக்கினீங்க."

"உன் புருவம் ஏறுச்சே."

"புருவத்தையா பாத்தீங்க?"

"வேற எத பாக்கறது?"

நான் வேண்டுமென்றே ஏமாற்றவில்லை. முகத்தைப் பார்த்துப் பிழைத்தவளின் கை அது, தானாகப் போகிறது. அவள் என் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிவிட்டாள்.

வெறும் சுவர். காத்திருந்தேன். ஆரம்பத்தில் கட்டையான சில சத்தங்கள் வந்தன. அப்புறம் ஒன்றுமில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து பொறுமை போயிற்று. இயந்திரம் கெட்டுப்போச்சு, வந்து பாரு என்று கத்தினேன். அவள் வந்து என் எதிரே குனிந்து நின்றாள்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கும்மா. இவ்வளவு நேரமும் சத்தம் போட்டுக்கிட்டேதான் இருந்தேன்."

பிறகு ஒரு தாளால் தன் வாயை மறைத்துக்கொண்டு வார்த்தைகள் சொன்னாள், திருப்பிச் சொல்லச் சொன்னாள். பேச்சென்று தெரிந்தது, என்ன பேச்சென்று தெரியவில்லை. தாளைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். அவள் கோபித்துக்கொள்ளாமல் அதை எடுத்து வைத்தாள். அதற்கும் சேர்த்து எனக்குக் கோபம் வந்தது.

"எங்க வேல பாக்கறீங்கம்மா? மாவு மில்லா?"

"அரண்மனை. அங்க ஈ பறந்தாக்கூட கேக்கும்."

"வேற எங்கயும் பெரிய சத்தம் இல்லையா? சாவு வீடு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சனிக்கிழமை தவறாமல் சாவு வீடு. ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கிய ஒலிபெருக்கிகள். விடிந்தது முதல் இருட்டும் வரை நெஞ்செலும்பு அதிரும். அரசித்தாயும் நானும் முன்வரிசையில்தான் உட்கார வேண்டும், அது மரியாதை.

"ஸ்பீக்கர் பெட்டிக்கு எவ்வளவு பக்கத்துல?"

"கோல சாத்தி வைக்கறதே அது மேலதான்."

அவள் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவனுக்கு மரியாதை, ஒலிபெருக்கிக்காரனுக்கு வரும்படி, என் காதுக்குக் கொள்ளி. சத்தம் குறைந்தால் செத்தவனுக்குக் கௌரவக் குறைச்சல் என்று நானே சபையில் அலங்கரித்துப் பேசியிருக்கிறேனே, அதை நினைத்தால் இன்னும் எரிந்தது.

"போனது வராதும்மா" என்றாள் செலாசி. "இருக்கறத வச்சு நல்லாவே கேக்க வைக்கலாம்."

காதுக்குப் பின்னால் ஒரு சின்னக் கருவியை மாட்டிவிட்டாள். முதலில் கேட்ட மனிதக் குரல் வெளியே நடையில் நின்ற என் தம்பியுடையது. யாரிடமோ போனில், "கெழவி மெஷினயே திட்டிக்கிட்டிருக்கு" என்றான். கதவைத் திறந்து, கிழவி யாருடா என்றேன். கும்மாசியிலிருந்து ஊர் வரும்வரை வண்டியில் அவன் மூச்சுவிடவில்லை.

சபை கூடும் நாளன்று முன்னதாகவே நானாவின் உள்ளறைக்குப் போனேன். கருவி தலைத்துணிக்குள் மறைந்திருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்றுதான் போனேன்.

"கும்மாசி போனியாமே" என்றார். குரல் தேயவேயில்லை. கணீரென்றிருந்தது.

பெரியவர்களிடம் பேசும்போது செய்வதுபோலத் துணி நுனியால் வாயை மூடிக்கொண்டு, காதைச் சோதித்த கதையைச் சொன்னேன். நானா பொறுமையாகத் தலையசைத்தார். நான் கருவி வரைக்கும் வந்துவிட்டேன். அப்போதும் அதே அசைப்பு. ஒரு கேள்வி இல்லை, ஒரு ஆச்சரியம் இல்லை. அந்த முகத்தை எனக்குத் தெரியும். இரண்டு வருஷமாக நான் ஊருக்குக் காட்டிவரும் முகம் அது.

துணியை எடுக்காமலே சொன்னேன்: "நானா, உங்க வெள்ளாட்ட நேத்து நான்தான் அறுத்துத் தின்னேன்."

"ஆமா, ஆமா" என்றார். "எல்லாம் கடவுள் சித்தம்."

துணியை இறக்கி, அவர் முகத்துக்கு நேரே போய் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். "நானா, உங்க காதும் போயிடுச்சு. அன்னிக்கு நான் என்ன சொன்னேன்னு உங்களுக்குக் கேக்கவேயில்ல."

வாசல் பக்கம் பார்த்தார். பிறகு, "கதவ சாத்து" என்றார்.

சாத்தினேன்.

"குறையுள்ளவள பீடத்துல வச்சிருப்பாங்களாடி? என் அக்கா மக எப்போ எப்போன்னு உக்காந்திருக்கா."

"டுஃபியே தெருவுல உக்காந்திருக்கா."

"சின்னப் பொண்ணு, வேற எடம் பாத்துப்பா. இத பாரு, உன் மேல இருக்கற லஞ்சப் பேச்ச இன்னிக்கே நிறுத்திடறேன். கோல் உன் கையிலயே இருக்கும். காலத்துக்கும் இருக்கும்."

என் பெயர், என் கோல், இரண்டையும் தட்டில் வைத்து நீட்டினார். ஆசைப்படவில்லை என்று சொன்னால் அது பொய். தலைத்துணியை இழுத்து இறுக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

முற்றம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் ஆசுமெங் புதுத்துணி போர்த்தி உட்கார்ந்திருந்தான். டுஃபியே கடைசியில் தூணோரம் நின்றாள். பெரியவர் அக்யாம்போன் எழுந்து, டுஃபியே விஷயத்தில் அரசித்தாயின் தீர்ப்பு உண்மையில் எது, அவருடைய வாய் விலைபோனதா என்று கேட்டார்.

நானா முன்னால் பார்த்தபடியே முணுமுணுத்தார். ஒவ்வொரு சொல்லும் என் காதில் வந்து விழுந்தது. "செரெவா விலைபோகல, ஊர்தான் தப்பாப் பேசுச்சுன்னு சொல்லு. நான் சொன்னது அவ இருக்கட்டும்ங்கறதுதான். ஆனா அத இப்ப ஒத்துக்கிட்டா என் காது போனது வெளிய வந்துடும். அதனால டுஃபியே போகட்டும், அதான் தீர்ப்புன்னு சொல்லு. அழகா சொல்லு."

கோலைப் பிடித்து எழுந்தேன். வாய்க்குச் சொந்த வார்த்தை கிடையாது. அரசித்தாய் சொன்னதைச் சொல்ல வேண்டும். வாழ்நாளில் முதல் தடவையாக அலங்காரம் ஒன்றுமில்லாமல், ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன்.

"நானா சொல்றாங்க: செரெவா விலைபோகல, ஊர்தான் தப்பாப் பேசுச்சுன்னு சொல்லு. நான் சொன்னது அவ இருக்கட்டும்ங்கறதுதான். ஆனா அத இப்ப ஒத்துக்கிட்டா என் காது போனது வெளிய வந்துடும். அதனால டுஃபியே போகட்டும், அதான் தீர்ப்புன்னு சொல்லு. அழகா சொல்லு."

முற்றத்தில் யாரும் இருமக்கூட இல்லை. நானா அந்த அமைதியைப் பார்த்தார். தன் தீர்ப்புக்கு ஊர் கட்டுப்பட்டுவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். நிதானமாக, எல்லோரும் பார்க்கும்படி, தலையை அசைத்தார். ஆமாம், அப்படியேதான் என்று.

ஆசுமெங் எழுந்தான். "போகட்டும்னுதானே முடிச்சாங்க? தீர்ப்பு தீர்ப்புதானே?"

"உக்காரு" என்றார் அக்யாம்போன். அவர் குரல் கரகரத்தது. "இருக்கட்டும்னுதான் சொன்னாங்கன்னு நம்ம எல்லார் காதுலயும் விழுந்தாச்சு. அவங்களே தலையசைச்சும் ஆச்சு. சாவிய எடு."

நானா என்னைத் திரும்பிப் பார்த்தார். என்ன நடக்கிறது என்று அவர் கண் கேட்டது. நாளைக்கு இந்தக் கோல் என் கையில் இருக்குமா என்று எனக்குத் தெரியாது. அவர் பீடத்தில் அவர் இருப்பாரா என்பதும் தெரியாது.

ஆசுமெங் இடுப்புத் துணி முடிச்சை அவிழ்த்து, சாவியை எடுத்து, டுஃபியே நின்ற பக்கமாகப் புழுதியில் எறிந்தான்.

"குனிஞ்சு எடு" என்றேன் அவனிடம். "எடுத்து அவ கையில குடு."

யார் சொன்னதாகச் சொல்கிறாய் என்று கேட்பதுபோல் முற்றமே என்னைப் பார்த்தது.

"இது நானா சொல்லல" என்றேன். "நான் சொல்றேன்."