பார்த்த இடம்

இயக்குநர் மின்தூக்கிக்கு எதிர்ச் சுவரைத் தானே டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவர் தன் கையால் செய்த அளவீடு அநேகமாக அது ஒன்றுதான். அங்கே நுண்ணோக்கியில் வேலை பார்க்கும் அவள் வருவதைக் கண்டதும் டேப்பைச் சுருட்டிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். பழைய படங்களைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கினால் எல்லாம் கலங்கிப்போகிறதாம், அச்சகத்துக்காரன் கையை விரித்துவிட்டானாம். அவள் கணவன் கடைசியாக வைத்துவிட்டுப் போன மாதிரியை நுண்ணோக்கியில் போட்டுப் புதிதாக ஒரு படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். நாளை மறுநாள் விழா. கூடத்துக்கு அவள் கணவனின் பெயரை வைக்கிறார்கள். அழைப்பிதழில் அந்தப் பெயர், இயக்குநரின் புகைப்படத்துக்குக் கீழே, இடம் இருந்த அளவுக்கு அச்சாகியிருந்தது.

"ஓட்டை நல்லா நெறைய இருக்கிற எடமா பாத்து எடும்மா. ஒண்ணு ரெண்டுன்னா சுவத்துல எடுபடாது."

ஓட்டை என்றால் லேசுப்பட்ட ஓட்டை இல்லை. ஓர் அணுவின் தடிமனே உள்ள தாளில் தானாக உண்டாகியிருந்த முக்கோண ஓட்டைகள். உப்பை நிறுத்தித் தண்ணீரை மட்டும் விடும் சல்லடையாக இது உதவக்கூடும் என்று, அவற்றைக் கண்டு எழுதிய கட்டுரையின் கடைசியில் அவள் கணவன் கூச்சத்தோடு ஒரு வரி எழுதியிருந்தான். இயக்குநர் அந்த ஒரு வரியைத் தூக்கிக்கொண்டு மேடை மேடையாகப் போனார். மேடைக்கு மேடை 'கூடும்' தேய்ந்தது, ஓட்டை பெருத்தது. கடைசியில் உலகத்தின் தாகமே தீர்ந்துவிட்டது. ஒரு குவளைத் தண்ணீர்தான் இன்னும் வடிந்தபாடில்லை.

காலையில் மாமியார் தொலைபேசியில் கேட்டிருந்தாள். "ஓட்டைய கண்டுபிடிச்சதுக்கா இவ்ளோ பெரிய விழா? சின்ன வயசுல அவன் சட்டை பூரா ஓட்டைதான். அப்ப ஒருத்தரும் கை தட்டல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு, முன்வரிசையில் தனக்கு ஒரு நாற்காலி இருக்குமா என்று கேட்டாள். காலையில் செருப்பு மாட்டக் குனிந்த மகன் நிமிராமலே உயிரை விட்ட நாளிலிருந்து அவள் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

நுண்ணோக்கி அறைக்குச் சன்னல் கிடையாது. குளிரூட்டியும் வெற்றிடப் பம்பும் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்கும். அவனுடைய மாதிரியை வைத்து மாதக்கணக்கில் தொடாதிருந்த பெட்டியை அவள் திறந்தாள். பருப்பளவு செம்பு வலை, அதன் கண்களில் கண்ணுக்குத் தெரியாத தாள். இடுக்கியால் எடுத்து நுண்ணோக்கிக்குள் செலுத்தினாள்.

இந்த நுண்ணோக்கியில் பார்ப்பது என்பது விளக்கடித்துப் பார்ப்பது போல இல்லை. எலெக்ட்ரான் கற்றை மாதிரியின் மேல் ஆலங்கட்டி மழையாக விழும். அதனால் இந்த வேலையில் இருப்பவர்கள் பக்கத்து இடத்தில் கூர்மை சரிபார்த்துக்கொண்டு, வேண்டிய இடத்தில் ஒரே பார்வையில் படத்தை எடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அவன் மட்டும் கேட்க மாட்டான். "பொண்டாட்டிய போட்டோ எடுக்க, பக்கத்து வீட்டம்மாவ நிக்க வெச்சா சரிபாக்கறது?" என்பான். எடுக்கப்போகும் இடத்தையே உற்றுப் பார்த்து, இழை இழையாகக் கூர்மை கூட்டுவான். அவனைப் போலப் பொறுமைசாலி இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அவளும் சொல்லியிருக்கிறாள்.

திரையில் கறுப்புச் சதுரங்கள் தெரிந்தன. கற்றை நெடுநேரம் விழும் இடத்தில், உள்ளே மிஞ்சியிருக்கும் அழுக்கு வந்து படிந்து சதுரமாகக் கறுத்துவிடும். யாரும் பொருட்படுத்தாத கறைதான். ஆனால் இவை அவன் பார்த்த இடங்கள். ஆள் போய்விட்டான், பார்வை மட்டும் அங்கங்கே கறுத்துக் கிடந்தது. அவன் பின்னாலேயே நடப்பதுபோல ஒவ்வொரு சதுரமாகப் போனாள். ஒவ்வொன்றிலும் ஓட்டைகள் அழகாக, ஒரே பக்கம் முகம் வைத்து இருந்தன. சதுரத்துக்கும் சதுரத்துக்கும் இடையில் எதுவும் இல்லை.

கற்றையை முடிந்தவரை தணித்து, அவன் போகாத ஒரு மூலைக்குப் போய் ஒரு கணம் பார்த்தாள். வழுவழுப்பான தாள். இன்னொரு மூலை. அதுவும் அப்படியே. ஓட்டைகள் தாளில் இருந்திருக்கவில்லை. அவனுடைய பொறுமைதான் அவற்றைக் குடைந்திருக்கிறது.

தாளின் ஓரத்தில் சில சதுரங்கள் தனியாக, அளந்து வைத்ததுபோல வரிசையில் இருந்தன. முதலாவது வெளிறியிருந்தது, ஓட்டை இல்லை. அடுத்தது கொஞ்சம் கறுப்பு, ஒரே ஒரு புள்ளி. போகப் போகக் கறுப்பும் ஏறியது, ஓட்டையும் பெருகியது. ஒவ்வொன்றையும் முந்தையதைவிடக் கூடுதல் நேரம் பார்த்திருக்கிறான். கணினியில் தேடினாள். இந்த வரிசைக்குப் படம் எதுவும் பதிவாகியிருக்கவில்லை. கடைசி வாரத்தில் ஒருநாள் படுக்கையில் மல்லாந்து கிடந்தபடி அவன் கேட்டது நினைவுக்கு வந்தது. "ஒண்ண பாக்காம இருந்தா அது எப்படி இருக்கும்னு எப்படிப் பாக்கறது?" அவள், "பாக்காம தூங்குங்க" என்று சொல்லித் திரும்பிப் படுத்திருந்தாள்.

படம் ஆயிற்றா என்று கேட்டுக்கொண்டே இயக்குநர் உள்ளே வந்தார். அவள் எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தாள். கூடம் திறந்த நாளிலிருந்து அவர் உட்காராத நாற்காலி அது. புதிய இடம் ஒன்றுக்கு நகர்த்திக் கற்றையைக் கூட்டினாள்.

"ஒண்ணும் இல்லையேம்மா."

"பாத்துக்கிட்டே இருங்க சார்."

இயக்குநர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒரு புள்ளி துடித்தது. விரிந்தது. மூன்று மூலை வந்தது.

"இதோ, இங்கயும் இருக்கு பாரு."

"முன்ன இல்ல சார். இப்பதான் வந்துச்சு. நாம பாக்கறதே அதத் தொளைக்குது."

அவர் எதையும் தொட்டிருக்கவில்லை. இருந்தும் கையைச் சட்டென்று மடிக்கு இழுத்துக்கொண்டார். திரையில் இரண்டாவது ஓட்டை திறந்தது. அவள் ஓரத்து வரிசையைக் காட்டினாள். அதைப் புரிந்துகொள்ள அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. அவரும் ஒருகாலத்தில் விஞ்ஞானியாக இருந்தவர்தான்.

"அப்ப அவருக்குத் தெரியும்" என்றார், மேடைக் குரல் இல்லாமல். பிறகு, "யோசிச்சுக்கோம்மா. சுவத்துல வரப்போறது அவர் பேரு. என் பேரு இல்ல" என்றார். அந்தக் கண்டுபிடிப்பில் தன் பங்கை அவர் விட்டுக்கொடுத்தது அதுவே முதல் தடவை. கதவருகில் நின்று, "அவங்கம்மா முன்வரிசையில உக்காந்திருப்பாங்க" என்றும் சொன்னார். ஐந்து மணிக்குள் படம் போய்விட வேண்டும் என்பதை மட்டும் மறக்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

பம்பு முனகிக்கொண்டிருந்தது. மிகக் கறுத்த சதுரத்துக்குப் போய் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், சுவர் நிறைந்துவிடும். அங்கே போனாள். திரை முழுக்க ஓட்டைகள், மேகத்தில் பறவைக் கூட்டம்போல. மாமியார் இதைப் பார்த்தால் என்ன சொல்வாள் என்று நினைத்துப் பார்த்தாள். கறுப்புக்குள் ஏதோ அசைந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு முக்கோணங்கள் நெருங்கி ஒன்றாகக் கிழிந்தன. அவசரமாகக் கற்றையை மறைத்தாள்.

நெடுநேரம் கழித்து வரிசையின் கடைசிச் சதுரத்துக்கு வந்தாள். அதைத் தாண்டி அடுத்த இடத்துக்கு நகர்த்தினாள். அவன் பதியாமல் விட்டதை முதல் நொடியிலிருந்தே பதிய, பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டுக் கற்றையைத் திறந்தாள். திரையின் இடது ஓரத்தில் அவனுடைய கறுப்பின் விளிம்பு நின்றது. அதை ஒட்டி வெறும் தாள். அந்த வெறுமை சாம்பல் பூக்கத் தொடங்கி, விளிம்பு வரை பரவ, இரண்டு சதுரங்களுக்கும் நடுவே இருந்த கோடு மெல்ல மங்கியது.