பட்டாணியில் இருபது கிராம்

சின்னவளும் அவள் நாத்தனாரும் பேசிக்கொள்வதில்லை. ஆனாலும் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை ஒருத்தி சொல்வதை இன்னொருத்தி கேட்டுக்கொண்டே இருந்தாக வேண்டும். பிழைப்பு அப்படி. டின்களுக்கும் பாட்டில்களுக்கும் லேபிள் அடிக்கும் அச்சகத்தில் இருவருக்கும் பிழை பார்க்கும் வேலை. வாடிக்கையாளர் அனுப்பிய தாளை நாத்தனார் உரக்க வாசிப்பாள். அச்சுக்குப் போகவிருக்கும் லேபிளில் சின்னவள் பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே வந்து கடைசியில் கையெழுத்துப் போடுவாள். கமா, புள்ளி, அடைப்புக்குறி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மூன்று மாதமாக அவர்களுக்குள் மிச்சமிருந்த பேச்சுவார்த்தை அந்தக் கமாவும் புள்ளியும்தான்.

சண்டைக்குக் காரணம் இறால். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் வரவிருந்த தன் அண்ணனுக்காகச் சின்னவள் இறால் வறுத்து வைத்திருந்தாள். மதியமே நாத்தனார் வந்து நின்றாள். தம்பி வீட்டுக்குச் சொல்லிக்கொண்டா வருவார்கள்? சின்னவள் இறாலை அலமாரிக்குள் தள்ளிவிட்டுச் சோற்றோடு பட்டாணியை வைத்தாள். அதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பாள். வாய் சும்மா இருந்தால்தானே.

"இறாலைவிடப் பட்டாணியிலதான் சத்து ஜாஸ்தி அண்ணி" என்றாள்.

இறாலைப் பற்றி அதுவரை யாரும் மூச்சுகூட விடவில்லை. நாத்தனார் அவளை ஒரு பார்வை பார்த்தாள், பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள். சமாதானம் பேசப் போன தம்பிக்காரன் இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

இந்த லட்சணத்தில் ஒரு டின் கம்பெனியிலிருந்து இரண்டு லேபிள்கள் வந்தன. ஒன்று இறால் டின்னுக்கு, இன்னொன்று பட்டாணி டின்னுக்கு. விதி என்று ஒன்று இருந்தால் அதற்கும் குசும்பு உண்டு. அந்தக் கம்பெனியில் எந்தப் புண்ணியவானோ சத்து அட்டவணைகளை இடம் மாற்றி அனுப்பியிருந்தான்.

"பட்டாணி. நூறு கிராமில். புரதம், இருபது கிராம். நார்ச்சத்து, பூஜ்யம். கொலஸ்ட்ரால், நூற்றைம்பது மில்லிகிராம். புள்ளி" என்று வாசித்தாள் நாத்தனார். இருபது என்ற இடத்தில் அவள் குரல் ஒரு நொடி நின்றது. சின்னவளின் பென்சிலும் நின்றது.

எட்டு வருஷமாக லேபிள் பார்க்கிறவர்கள் இருவரும். டின் பட்டாணியில் புரதம் ஐந்து கிராம்தான், கொலஸ்ட்ரால் கிடையாது, இறாலில் நார்ச்சத்து கிடையாது என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் வாயைத் திறந்து, "இறாலுக்குப் போக வேண்டியது பட்டாணிக்குப் போயிருக்கே" என்று யார் சொல்வது? அதுவும் அந்த அறையில்? நாத்தனார் சொன்னால் இன்னும் இறாலையே நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்றாகும். சின்னவள் சொன்னால் தான் சொன்னது பொய் என்று தானே ஒத்துக்கொண்டதாகும். போதாக்குறைக்கு, நாத்தனார் வாயாலேயே பட்டாணிதான் உசத்தி என்று கேட்டதில் சின்னவளுக்கு உள்ளூர ஒரு குஷி. டிக் அடித்தாள். கையெழுத்தும் போட்டாள்.

டின்கள் கடைக்குப் போன இரண்டாவது வாரம், பட்டாணிக்கு எப்படிக் கொலஸ்ட்ரால் வந்தது என்று ஒரு டாக்டர் கம்பெனிக்குப் போன் செய்துவிட்டார். கம்பெனிக்காரர்கள் முதலாளியைக் காய்ச்சி எடுத்தார்கள். முதலாளி இருவரையும் கூப்பிட்டார்.

"தாள் தப்புதான். அது அவங்க பாடு. ஆனா சந்தேகம் வந்தா கேக்கறதுக்குத்தானே உங்கள வச்சிருக்கேன்? இதுல உன் கையெழுத்து இருக்கு" என்று சின்னவளைப் பார்த்தார். "உனக்குத் தோணலயா?"

இந்த வேலை போனால் சின்னவளுக்கு வேறு வேலை கிடைக்காது. பிழை பார்க்கிறவள் பிழை விட்டாள் என்ற பேச்சு எல்லா அச்சகத்துக்கும் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.

முதலாளி நாத்தனாரிடம் திரும்பினார். "நீங்க வாசிச்சீங்களே, கவனிக்கலயா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாசிக்கிறவளுக்குக் கையெழுத்துப் பொறுப்பு இல்லை. பழி முழுக்கச் சின்னவள் தலையில் விழும், நாத்தனார் மாலை டீயை நிம்மதியாகக் குடிக்கலாம். மூன்று மாதக் கடுப்புக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் எப்போது வரும்? சின்னவள் தரையைப் பார்த்தாள். நாத்தனாரின் இடத்தில் தான் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று யோசித்தாள். பதில் அவளுக்கே பிடிக்கவில்லை.

"கவனிச்சேன் சார்" என்றாள் நாத்தனார். "வாசிக்கும்போதே தெரியும். சொல்லல. தப்பு ரெண்டு பேருது."

"தெரிஞ்சுமா சொல்லல? ஏன்?"

"குடும்ப விஷயம் சார்."

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். லேபிளுக்கும் குடும்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாயெடுத்தவர், அனுபவசாலி, மூடிக்கொண்டார். கடைகளிலிருந்து திரும்பி வந்த ஆறாயிரம் டின்களுக்கும் இருவருமே உட்கார்ந்து கையால் புது லேபிள் ஒட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கிடங்கில் டின்கள் கூரைவரை நின்றன. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஈரத் துணியால் பழைய லேபிளை உரித்தார்கள். நாற்பது டின் வரைக்கும் சின்னவள் பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை.

"அன்னைக்கு இறால் இருந்துச்சு அண்ணி. எங்க அண்ணனுக்குன்னு அலமாரில ஒளிச்சு வச்சேன்."

"தெரியும். மூக்கு இருக்குல்ல எனக்கு."

"பெரிய தப்பு அண்ணி."

நாத்தனார் ஒரு டின்னை ஒட்டி முடித்து அந்தப் பக்கம் வைத்தாள். "அவ்வளவையும் உங்க அண்ணனே தின்னாரா?"

"அன்னைக்கு அவர் வரவே இல்ல. ராத்திரி உங்களுக்குக் கொண்டாந்து தரலாம்னுதான் கிளம்பினேன். வெக்கமா இருந்துச்சு. நானே தின்னுட்டேன்."

"அத்தனையுமா?"

"அத்தனையும்."

"நல்லா இருந்துச்சா?"

பொய் சொல்லி மூன்று மாதம் பட்டது போதும் என்று இருந்தது சின்னவளுக்கு. "ரொம்ப நல்லா இருந்துச்சு அண்ணி."

நாத்தனார் ஈரத் துணியை அவள் மேல் விட்டெறிந்தாள். திருட்டுக் கழுதை, தின்னிப்பண்டாரம், தம்பியைக் கெடுக்க வந்தவள் என்று ஆரம்பித்து மூச்சு வாங்காமல் திட்டித் தீர்த்தாள். ஒரு கமா இல்லை, புள்ளி இல்லை. சின்னவளுக்குக் கண் கலங்கியது. இந்தத் திட்டைக் கேட்காமல் மூன்று மாதம் எப்படி இருந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.