அடியில் கிடந்தவை

அறுபத்தோரு மணி நேரத்தில் பதினொரு மீன்களில் எட்டு செத்துப்போயின. திங்கள் மாலை ஆறு மணிக்கு முதலாவது, வியாழன் காலை ஏழு மணிக்கு எட்டாவது. பிரிஜா எல்லா நேரத்தையும் அடுக்களைக் காலண்டரில் குறித்திருந்தாள்.

அவள் கணவன் ஜெனோ சவூதியில் தம்மாமுக்கு வேலைக்குப் போகுமுன் நாகர்கோவிலில் வாங்கித் தந்த மீன்கள். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீசைக் கெளுத்திகள். நாள் முழுக்கத் தொட்டியின் அடியில் மணலைக் கிண்டிக்கொண்டு கிடக்கும். அடியில் வாழும் மீன் நோயைக் காட்டிக்கொள்ளாது. நமக்குத் தெரிய வரும்போது பாதி முடிந்திருக்கும்.

பிரிஜா விலங்கியல் படித்தவள். வரிசையாகத்தான் பார்த்தாள். மீசை தேய்ந்திருந்தால் மணலில் அழுக்கு. உடம்பில் உப்புத்தூள் போலப் புள்ளி இருந்தால் ஒட்டுண்ணி. வயிறு சிவந்திருந்தால் கிருமி. மூன்றுமே இல்லை. செவுள்கள் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டன. மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு, திரும்ப அடியில் போய் ஒருக்களித்துச் சாய்ந்தன.

காரணம் பிடிபடாதபோது தண்ணீரை மாற்றுவதுதான் முதல் வைத்தியம். தினமும் மூன்றில் ஒரு பங்கை வெளியேற்றிவிட்டு, குழாயில் வரும் கிணற்றுத் தண்ணீரை விட்டாள். விட்ட ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது ஒன்று செத்தது. புதன்கிழமைதான் அது அவளுக்கு உறைத்தது.

அன்று மாலை மூன்று மீன்களை மட்டும் எடுத்து, ஓட்டிலிருந்து வழிந்த மழைத்தண்ணீர் நிறைந்த பேசினில் விட்டாள். காலையில் அந்த மூன்றும் ஒன்றும் நடக்காததுபோல அடியைத் துழாவிக்கொண்டிருந்தன. தொட்டியில் உயிரோடு எதுவும் இல்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தைகளும் எப்போதோ உதிர்ந்து கிடந்தன. ஒரே நோய் மீனையும் நத்தையையும் சேர்த்துக் கொல்லாது.

தொட்டிலில் ஜெஃப்ரின் மறுபடியும் கக்கினான். பத்து மாதப் பிள்ளை. நேற்று மத்தியானத்திலிருந்து எதுவும் வயிற்றில் தங்கவில்லை.

"பல்லு மொளைக்கும், அதுக்கு வயித்தெளக்கமாக்கும்," என்று நேற்று மாமனார் ஞானதாசன் சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வழக்கமாகத் தொட்டிப் பக்கம் வந்தால், "கெளுத்திக்கு வைத்தியம் பாக்கவா மக்கா டிகிரி படிச்ச? கொடம்புளி போட்டுக் கொழம்பு வச்சா எல்லாச் சீக்கும் தீரும்," என்று சீண்டுகிறவர், திங்கள் முதல் அந்தப் பக்கமே வரவில்லை. அன்றிலிருந்து அடுத்த வீட்டு ஓமனாவின் கிணற்றில் ஒரு குடம் எடுத்துவந்து அடுக்களையில் வைக்கிறார். "சாயாவுக்கு இதுதான் ருசி. நீயும் இதையே குடி."

அவளும் குடித்தாள். பிள்ளைக்கு மட்டும் பழகிய தண்ணீரையே நன்றாகக் கொதிக்க வைத்தாள்.

பிள்ளைக்கு ஆறவைத்திருந்த தண்ணீரை வெளியே கொட்டினாள். ஆட்டோக்கார கிளீட்டஸுக்கு போன் செய்துவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே இறங்கினாள்.

மழை சற்று விட்டிருந்தது. ரப்பர் மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஞானதாசன் கிணற்றின் கைப்பிடிச்சுவரில் குனிந்து, விழுந்ததைக் கொக்கியில் மாட்டி எடுக்கும் பாதாளக்கரண்டியைக் கயிற்றில் இறக்கித் துழாவிக்கொண்டிருந்தார். பார்வை மங்கியபின் தோட்ட வேலைக்கு இறங்கக் கூடாது என்பது ஜெனோவின் கண்டிப்பு. மீறினால் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுவேன் என்று போனிலேயே கத்தியிருந்தான்.

கல்யாணமாகி இரண்டு வருடத்தில் மாமனாரிடம் அவள் தானாகப் போய் எதையும் கேட்டதில்லை.

"என்ன மாமா தேடுதிய?"

"வாளி விழுந்துபோச்சு மக்கா."

"வாளி கொக்கியில கெடக்கே."

அவர் திரும்பி வாளியைப் பார்த்தார். கயிறு கையில் இறுகியது. "பிள்ளைய ஏன் ஈரத்துல கொண்டு வந்த? உள்ள போ."

"எனக்க மீனெல்லாம் செத்துப்போச்சு. மழவெள்ளத்துல விட்டது மட்டும் உயிரோட கெடக்கு."

"மீனுதானே? சவத்த விடு. ஜெனோ வேற வாங்கித் தருவான்."

"பிள்ளைக்கு ஏத்தங்காப் பொடிக் கஞ்சி காச்சினது பைப்பு வெள்ளத்துல மாமா."

கரண்டி கிணற்றுச் சுவரில் மோதி ஒலித்தது.

"நான் கொடம் கொண்டு வச்சேன்லா?" அவர் குரல் உடைந்தது. "அதைத்தானே எடுக்கச் சொன்னேன்?"

"பிள்ளைக்குன்னு சொல்லல்ல. நான் கொதிக்க வச்சுத்தான் குடுத்தேன். மூணு நாளா, மூணு நேரமும்."

சாலையில் ஆட்டோ வளைந்து ஏறும் சத்தம் கேட்டது. ஜெஃப்ரின் அழக்கூடத் தெம்பில்லாமல் அவள் தோளில் நனைந்த துணியாகத் தொங்கினான்.

"ஆஸ்பத்திரியில கேப்பாவ," என்றாள் பிரிஜா. "கிணத்துல என்ன கெடக்குன்னு கேப்பாவ. நான் என்ன சொல்லட்டு?"

"ஜெனோவுக்குத் தெரிஞ்சா..."

"மாமா!"

அவர் கயிற்றை விட்டுவிட்டார். அது சரசரவென்று உள்ளே ஓடி மறைந்தது.

"துரிசு, மக்கா. ரப்பர்ப் பட்டையில பூசணத்துக்குப் பூசற நீல வெசம், மயில்துத்தம். கரைக்கதுக்குச் சாக்குல கெட்டி இந்தச் சுவர்மேல வச்சேன், கண்ணு தெரியல்ல, கை தட்டிப்போச்சு. ஒரு கிலோ, கெட்டோட உள்ள கெடக்கு."